வியவஸ்தையும் வாரியமும்: வகுப்பு, பொருள் என்னும் கருத்துகள் பற்றிய ஓர் ஆராய்ச்சி

கணினி நிரலாக்கம் பயிலத் தொடங்கும் மாணவர், மாறி, நிபந்தனை, மடக்கு, செயற்கூறு ஆகியவற்றைக் கடந்து ஓரளவு தன்னம்பிக்கை பெற்றுவரும் வேளையில், வகுப்பு என்றும் பொருள் என்றும் இரண்டு கருத்துகளை எதிர்கொள்கிறார். எதிர்கொள்வோருள் பலர் அவற்றின் இலக்கணத்தை மனனம் செய்து, தேர்வில் எழுதி, மதிப்பெண்ணும் பெற்று, அதன் பின்னரும் அவை எந்தத் தேவையை முன்னிட்டுத் தோன்றின என்பதை உணராமலே நின்றுவிடுகிறார்கள். வகுப்பு என்பது ஒரு வார்ப்பு, பொருள் என்பது அவ்வார்ப்பிலிருந்து எடுத்த படிவம் என்பது வழக்கமாகக் கூறப்படும் இலக்கணம். அது பொய்யன்று. ஆயினும் வார்ப்பிலிருந்து எடுத்த படிவத்துக்கு அதன்பின் வாழ்க்கை என்று ஒன்று கிடையாது. வார்த்தபடியே அது கிடக்கும். நிரலாக்கத்தில் பொருள் எனப்படுவதோ, பிறந்து, பிற பொருள்களோடு விவகாரம் செய்து, அதனால் தன் நிலை மாறி, மாறிய நிலையை நினைவில் வைத்துக்கொண்டு, ஒரு நாள் மறைவது. காலம் என்னும் இந்த அம்சத்தை விட்டுவிட்டு, கார் ஒரு வகுப்பு, அதன் நிறம் ஒரு பண்பு, ஓடுதல் அதன் செயல் என்று அடுக்கிக்கொண்டு போகும் உதாரணங்கள், மாணவருக்கு வகைப்படுத்தும் வித்தையைக் கற்பிக்கின்றனவே அன்றி நிரல் எழுதும் வித்தையைக் கற்பிப்பதில்லை என்பது என் அபிப்பிராயம்.

தமிழ்நாட்டில் இது ஒரு சிலருக்கு மட்டும் உரிய பிரச்சினை அன்று. 2018-இல் வந்த மேல்நிலை முதலாம் ஆண்டுக் கணினி அறிவியல் பாடம் சி பிளஸ் பிளஸ் மொழியின் வாயிலாகவும், 2019-இல் வந்த இரண்டாம் ஆண்டுப் பாடம் பைத்தான் மொழியின் வாயிலாகவும் இக்கருத்துகளைச் சிற்றூர்ப் பள்ளிகள் வரை கொண்டுசேர்த்துவிட்டன. தமிழ்வழி பயிலும் பிள்ளைகள் புத்தகத்தில் இனக்குழு, உறைபொதியாக்கம், மரபுரிமம், பல்லுருவாக்கம் என்று படிக்கிறார்கள். ஆய்வகத்தில் கிளாஸ், ஆப்ஜெக்ட் என்றே பேசிக்கொள்கிறார்கள். நான் வகுப்பு, பொருள் என்ற எளிய சொற்களையே இங்கே ஆள்கிறேன்.

இவ்விஷயத்தை ஆராய்வதற்கு உத்திரமேரூரைக் காட்டிலும் ஏற்ற இடம் வேறொன்று எனக்குத் தோன்றவில்லை. காஞ்சிபுரத்திலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ள இவ்வூரின் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவர்களில், முதலாம் பராந்தக சோழனின் 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919-இலும் 921-இலும், வெட்டப்பட்ட இரண்டு சாசனங்கள் உள்ளன. கல்வெட்டறிஞர் வெங்கய்யா அவர்கள் தொல்லியல் துறையின் 1904-05 ஆண்டறிக்கையில் இவற்றை வெளியிட்டு விளக்கினார். வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரியார் 1932-இல் வெளிவந்த தம் ஆராய்ச்சி நூலில் மேலும் விரிவாக ஆராய்ந்தார். இவற்றை ஜனநாயகத்தின் ஆதி பத்திரங்கள் என்று மேடைகளில் போற்றுவார் உளர். பிராமணருக்கு விடப்பட்ட ஊரான ஒரு பிரமதேயத்தில் நிலமும் வேதக் கல்வியும் உடைய ஆடவர்கள் தமக்குள் நடத்திக்கொண்ட தேர்தலின் விதிகள் இவை என்பதை அவர்கள் மறந்துவிடலாகாது. சோழர் காலத்திலேயே கணினி சாஸ்திரத்தின் கரு இருந்தது என்று நிரூபிப்பதும் என் நோக்கம் அன்று, அது நகைப்புக்கிடமாகும். ஒரு விதியை எழுதிவைப்பது வேறு, அவ்விதியின்படி ஆண்டுதோறும் ஸ்தாபனங்களை உண்டாக்கி நடத்துவது வேறு என்னும் பேதத்தை இவ்வளவு துல்லியமாக எழுத்தில் காட்டும் உதாரணம் பிறிதொன்றை நான் கண்டதில்லை என்பதே விஷயம்.

சாசனம் சொல்லும் செய்தி இது. உத்திரமேரூர்ச் சதுர்வேதிமங்கலம் 30 குடும்புகளாக, அதாவது வட்டாரங்களாக, பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயர்களைத் தனித்தனி ஓலைகளில் எழுதி, அவற்றை ஒரு கட்டாகக் கட்டி, எந்தக் குடும்பு என்று காட்டும் வாயோலை பூட்டி, குடத்தில் இடுவார்கள். பாலரும் விருத்தரும் அடங்கிய மகாசபை கூடியிருக்க, ஊரிலுள்ள கோயில் நம்பிமார் ஒருவர் விடாமல் உள்மண்டபத்தில் அமர்ந்திருக்க, அவர்களுள் மூத்தவர் எழுந்து எல்லோரும் காணும்படி குடத்தை ஏந்துவார். விவரம் ஏதும் அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அக்கட்டின் ஓலைகளை வேறொரு குடத்தில் இட்டுக் குலுக்கிய பின் அவனே ஓர் ஓலையை எடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் அதை வாங்கி வாசிப்பான். நம்பிமார் யாவரும் அதை மீண்டும் வாசிப்பார்கள். இவ்வாறு குடும்புக்கு ஒருவராகத் தேர்ந்த 30 பேரிலிருந்து, சபையின் காரியங்களை நடத்தும் குழுக்களாகிய வாரியங்களுள், சம்வத்சர (ஆண்டு) வாரியத்துக்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கு அறுவர். பொன் வாரியத்துக்கும் பஞ்சவார வாரியத்துக்கும் அவ்வாறே குடவோலை இட்டு அறுவர் அறுவராகத் தேர்ந்தார்கள். பஞ்சவாரம் என்பது எதைக் குறிக்கும் என்பதில் அறிஞர்களிடையே அபிப்பிராய பேதம் உண்டு.

தகுதி விதிகள் இதனினும் நுட்பமானவை. கால் வேலிக்கு மேல் இறைநிலம் உடையவராய், தம் மனையில் வீடு கட்டி வசிப்பவராய், மந்திரப் பிராமணம் கற்று ஓதுவிக்க வல்லவராய் இருத்தல் வேண்டும். நிலம் அரைக்கால் வேலியே ஆயினும் ஒரு வேதத்திலும் ஒரு பாஷியத்திலும் வல்லவர் ஆனால் கொள்ளலாம். கடந்த மூன்றாண்டுகளில் வாரியம் செய்தவர் ஆகாது. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் ஆகாது. அவரோடு இன்னின்ன உறவு உடையவரும் ஆகாது என்று, சிற்றன்னை பேரன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன், மாமனார் என உறவுகளை நெடுக அடுக்குகிறது சாசனம். பஞ்ச மகாபாதகம் செய்தவர், களவு செய்தவர், பொய்க் கையெழுத்து இட்டவர் ஆகியோரும் விலக்கப்படுகிறார்கள். வாரியத்தின் காலம் 360 நாள். இடையில் குற்றம் கண்டால் அப்போதே நீக்கிவிட வேண்டும்.

இனி, இதில் வகுப்பு எது, பொருள் எது? சுவரில் வெட்டிய வியவஸ்தை, அதாவது சபையின் விதி, வகுப்பு. அந்த வியவஸ்தையின்படி ஓராண்டில் அமைந்து, ஏரியைப் பேணி, கணக்குக் காட்டிக் கலைந்த வாரியம் ஒவ்வொன்றும் பொருள். வியவஸ்தை தானே ஏரியைத் தூர்வாராது. அதற்கு மண்வெட்டி பிடிக்கத் தெரியாது. வாரியமோ வியவஸ்தை இல்லாமல் தன்னைத் தானே உண்டாக்கிக்கொள்ள இயலாது. நம் தருக்க சாஸ்திரம் ஜாதி என்றும் வியக்தி என்றும் பிரித்துப் பேசும் பேதம் இதுவே என்று சிலர் எளிதில் முடித்துவிடுகிறார்கள்; அது முழுதும் பொருந்தாது. பசுத்தன்மை என்னும் ஜாதி, எல்லாப் பசுக்களிடத்தும் பொதுவாகக் காணப்படுவது. பசுவைப் படைப்பதற்கு அதனிடம் ஏற்பாடு எதுவும் இல்லை. நிரலாக்க வகுப்போ, தன் பொருள்களைப் பிறப்பிக்கும் வழியையும், பிறந்தபின் அவை எவ்வாறு நடந்துகொள்ளலாம் என்னும் வரம்பையும் தன்னுள்ளே கொண்டது. அது வர்ணனை அன்று, உத்தரவு.

ஒரு பொருளுக்கு மூன்று லட்சணங்கள் சொல்வது மரபு: தனித்துவம், நிலை, நடத்தை. முதலாவதை மாணவர்கள் பெரும்பாலும் அலட்சியம் செய்கிறார்கள். ஏரி வாரியத்துக்கும் பொன் வாரியத்துக்கும் அறுவர் அறுவரே. தொகையால் ஒத்தமையால் இரண்டும் ஒன்றாகிவிடா. இந்த ஆண்டு ஏரி வாரியத்துக்கும் நான்கு ஆண்டு கழித்து வந்த ஏரி வாரியத்துக்கும் தற்செயலாக அதே அறுவர் அமைந்தாலும் அவை இரண்டு வாரியங்களே. இரண்டின் கணக்கும் வேறு. பைத்தான் மொழியில், இரண்டு பொருள்கள் மதிப்பால் ஒத்தவையா என்று கேட்பதற்கு ஒரு குறியும், இரண்டும் ஒரே பொருள்தானா என்று கேட்பதற்கு வேறொரு சொல்லும் இருப்பது இக்காரணத்தால்தான். ஒரு பொருளை இன்னொரு பெயருக்கு ஒப்படைத்தால் நகல் உண்டாவதில்லை, ஒரே பொருளுக்கு இரண்டு பெயர்கள் ஏற்படுகின்றன என்னும் உண்மையும் இத்தனித்துவத்தோடு சேர்ந்ததே.

எல்லா வாரியங்களுக்கும் பொதுவான செய்தியும், ஒவ்வொரு வாரியத்துக்கும் உரிய செய்தியும் வேறு வேறு. 360 நாள் என்பது பொது. ஆகவே அது வகுப்பின் சொத்து. உறுப்பினர் பெயர்கள் தனி. ஆகவே அவை பொருளின் சொத்து. இதை வாசிக்கும்போது மிக எளிதாகத் தோன்றும். ஆனால் பைத்தானில் வகுப்பின் உடலில் ஒரு வெற்றுப் பட்டியலை உறுப்பினர் என்று எழுதிவிட்டு, பொருள்தோறும் அதில் பெயர் சேர்க்கும் மாணவர், ஏரி வாரியத்தில் சேர்த்த பெயர் பொன் வாரியத்திலும் வந்து நிற்பதைக் கண்டு திகைக்கிறார். வகுப்பில் எழுதிய பட்டியல் ஒன்றே ஒன்று. எல்லாப் பொருள்களும் அதனையே பகிர்கின்றன. இருபுறமும் இரட்டை அடிக்கோடு இட்ட இனிட் என்னும், பொருள் பிறக்கும்போது இயங்கும் ஆக்கிக்குள், செல்ஃப் என்னும் பெயரோடு சேர்த்துப் பட்டியலை உண்டாக்கினால்தான் ஒவ்வொரு பொருளுக்கும் தனிப் பட்டியல் அமையும். செல்ஃப் என்பது, செயலை இப்போது நடத்திக்கொண்டிருக்கும் பொருள் எதுவோ அதனைச் சுட்டும் பெயரே ஆகும்.

இக்கருத்து பிறந்த வரலாற்றைப் பார்த்தால், காலம் என்னும் அம்சத்தை நான் வற்புறுத்துவதன் காரணம் புலப்படும். 1960-களின் தொடக்கத்தில் ஆஸ்லோ நகரின் நார்வேஜியக் கணினி மையத்தில் கிறிஸ்டன் நைகார்ட், ஓலே யோகான் டால் ஆகிய இருவரும், துறைமுகம், தொழிற்சாலை, வரிசையில் நிற்கும் வாடிக்கையாளர் முதலிய விவகாரங்களைக் கணினியில் போலச்செய்து பார்ப்பதற்கென்று சிமுலா என்னும் மொழியை உருவாக்கினார்கள். ஒரே வேளையில் பல பாத்திரங்கள் தத்தம் நிலையோடு உயிர்த்திருந்து, காலம் நகர நகர ஒன்றோடொன்று ஊடாட வேண்டும் என்பது அவர்களுக்கு ஏற்பட்ட தேவை. டோனி ஹோர் என்னும் அறிஞர் பதிவேடுகளை வகுப்புகளாகக் கொள்வது பற்றி எழுதியிருந்த கருத்தும் அவர்களுக்கு உதவிற்று. 1966-ஆம் ஆண்டின் இறுதியில், பாலத்துச் சுங்கச் சாவடியில் வரிசையில் நிற்கும் வண்டிகளைப் பற்றி அவர்கள் சிந்தித்துக்கொண்டிருந்தார்கள். வண்டி லாரியாகவும் இருக்கலாம், பஸ்ஸாகவும் இருக்கலாம். வரிசையில் நிற்கும் தன்மை இரண்டுக்கும் பொது. பொதுவானதை ஒருமுறை எழுதி, அதை முன்னொட்டாகக் கொண்டு சிறப்பானவற்றை எழுதலாம் என்ற எண்ணம் அங்கே உதித்தது. 1967-இல் வெளிவந்த சிமுலா 67 மொழியில் வகுப்பு, பொருள், துணைவகுப்பு ஆகிய மூன்றும் இன்று நாம் அறிந்த வடிவிலேயே அமைந்துவிட்டன. டியூரிங் பரிசு 2001-ஆம் ஆண்டுக்கு இருவருக்கும் அளிக்கப்பட்டது. 2002-இல் இருவரும் காலமானார்கள்.

ஆக, வகுப்பு என்னும் கருத்து பிறந்த இடம் நூலகத்தின் வகைப்பாட்டு அட்டவணை அன்று, நகர்ந்துகொண்டிருக்கும் ஒரு வரிசை. இதை நம் பாடநூல்கள் சொன்னால் பாதிச் சிரமம் நீங்கும்.

வேறொரு கிளை அமெரிக்காவில் வளர்ந்தது. 1963-இல் ஐவன் சதர்லாந்து செய்த ஸ்கெட்ச்பேட் என்னும் வரைகருவியில், ஒரு மூல வரைபடமும் அதன் பிரதிகளும் இருந்தன. மூலத்தைத் திருத்தினால் பிரதிகள் யாவும் திருந்தின. இதையும் சிமுலாவையும் கண்டு, உயிரியலும் பயின்றிருந்தமையால் உயிரணுக்களின் கூட்டு வாழ்வை மனத்தில் கொண்டு, ஆலன் கே என்பவர் ஸெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சி நிலையத்தில் 1970-களில் ஸ்மால்டாக் மொழியைத் தோழர்களோடு படைத்தார். டான் இங்கால்ஸ், அடெல் கோல்ட்பர்க் ஆகியோரின் உழைப்பு அதில் பெரிது. பொருள்நோக்கு என்ற பெயரை வழங்கியவரும் கே அவர்களே. பொருள் என்ற சொல்லே கவனத்தையெல்லாம் கவர்ந்துகொண்டுவிட்டது, பொருள்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் செய்தியே முக்கியமானது என்று பிற்காலத்தில் வருந்தியவரும் அவரே. வருத்தம் நியாயமானது. ஏரி வாரியம் எப்படி அமைந்திருந்தது என்பதை விட, சபை அதனிடம் என்ன கேட்கலாம், அது என்ன விடை தரும் கடமை உடையது என்பதே ஊருக்கு வேண்டியது.

பின்வந்த வரலாறு பலரும் அறிந்ததே. கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது சிமுலாவைப் பயன்படுத்தி அதன் அழகையும் மந்தகதியையும் ஒருங்கே அனுபவித்த பியார்னே ஸ்ட்ரவ்ஸ்ட்ரப், 1979-இல் பெல் ஆய்வகத்தில் சி மொழியோடு வகுப்புகளைச் சேர்க்கத் தொடங்கினார். 1983-இல் அது சி பிளஸ் பிளஸ் என்று பெயர் பெற்றது. பைத்தான் 1991-இலும் ஜாவா 1995-இலும் உலகுக்கு வந்தன. சென்னையைச் சுற்றி எழுந்த மென்பொருள் நிறுவனங்களில் வேலை தேடிச் சென்ற ஒரு தலைமுறைக்கு ஜாவாவே வேதமாயிற்று. நேர்முகத் தேர்வில் பொருள்நோக்கின் நான்கு தூண்கள் யாவை என்று கேட்பதும், உருப்போட்ட நான்கு பெயர்களை ஒப்பிப்பதும் சம்பிரதாயமாயின.

அந்நான்கில் நான் முதலிடம் தருவது உறைபொதியாக்கத்துக்கு. தரவையும் செயலையும் ஒரே உறையில் இடுவது என்று மட்டும் இதற்குப் பொருள் சொல்வது போதாது. எதற்காக உறையில் இடுகிறோம் என்பது கேள்வி. 1972-இல் டேவிட் பார்னஸ், ஒரு மென்பொருளைக் கூறுகளாகப் பிரிக்கும்போது, மாறக்கூடிய தீர்மானம் ஒவ்வொன்றையும் ஒரு கூறுக்குள் மறைத்துவைக்க வேண்டும் என்று வாதித்தார். அதே ஆண்டில் ஹோர், ஒரு தரவுக்கட்டமைப்பு எப்போதும் காத்துநிற்க வேண்டிய நிபந்தனை எது என்று கண்டு, அதைக் கொண்டே அதன் சரித்தன்மையை நிரூபிக்கும் முறையை வெளியிட்டார். 1980-களில் பெர்ட்ராண்ட் மேயர், ஐஃபில் மொழியில், செயலைத் தொடங்கும் முன் அழைப்பவன் நிறைவேற்ற வேண்டிய நிபந்தனை, முடிந்தபின் அழைக்கப்பட்டவன் நிறைவேற்றித் தர வேண்டிய நிபந்தனை, எக்காலத்தும் குலையாத நிபந்தனை என்று மூவகை ஒப்பந்தங்களை மொழியின் அங்கமாகவே ஆக்கினார். என் அபிப்பிராயத்தில் வகுப்பின் உயிர் இந்தக் குலையாத நிபந்தனையில் இருக்கிறது. அப்படிக் காக்க வேண்டியது ஒன்றும் இல்லாத தரவுக்கு வகுப்பு வேண்டியதே இல்லை. ஓர் எளிய அட்டவணை போதும்.

உத்திரமேரூர் வியவஸ்தையில் இந்நிபந்தனை தெளிவாக நிற்கிறது: ஏரி வாரியம் என்று ஒன்று இருக்குமானால் அதில் தகுதியுடைய அறுவர் இருக்க வேண்டும். ஆகவே குடவோலை என்பது ஆக்கியின் வேலையைச் செய்கிறது. தகுதியற்றவர் பெயர் எழுதிய ஓலை குடத்துக்குள்ளேயே போகாது. ஐவர் மட்டும் உள்ள அரைகுறை வாரியத்தை உண்டாக்கிவிட்டு, ஆறாமவரைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம் என்பதற்கு இடமில்லை. நம் மாணவர்கள் எழுதும் நிரல்களில் ஆக்கி எல்லா மதிப்புகளையும் கேள்வியின்றி வாங்கிச் சேமித்துக்கொள்கிறது; வயது என்ற இடத்தில் எதிர்மறை எண் வந்தாலும் வாயைத் திறப்பதில்லை. அப்படிப்பட்ட ஆக்கி இருந்தும் பயன் இல்லை. உண்டான பின்னரும் உறுப்பினர் பட்டியலை வெளியார் நேரே தொட்டுத் திருத்த விடலாகாது. நீக்குக என்று வாரியத்தைக் கேட்கலாம், குற்றம் உண்டா என்று பார்த்து நீக்குவது வாரியத்தின் செயல். சி பிளஸ் பிளஸ் மொழியில் வகுப்பின் உறுப்புகள் வேறு குறிப்பு இல்லையாயின் தனியுரிமை உடையனவாகவே கொள்ளப்படும். மீறினால் நிரல்பெயர்ப்பியே மறுத்துவிடும். பைத்தானில் அப்படி ஒரு காவல் இல்லை. பெயருக்கு முன் அடிக்கோடு இட்டால் இதைத் தொடாதே என்று பொருள், இரட்டை அடிக்கோடு இட்டால் மொழி அப்பெயரைச் சற்றே மாற்றிவைக்கும், அவ்வளவே. மரியாதையை நம்பிய மொழி அது.

மரபுரிமத்துக்கு வரும்போது ஆராய்ச்சியாளர்களிடையே பூசல் தொடங்குகிறது. வாரியம் என்னும் பொது வகுப்பில் காலம், தகுதி, கணக்குக் காட்டும் கடமை ஆகியவற்றை எழுதி, ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் ஆகியவற்றை அதன் வழித்தோன்றல்களாக்குவது இயல்பாகவே தோன்றும். ஓரளவுக்குச் சரியும் ஆகும். ஆனால் சம்வத்சர வாரியத்தைப் பாருங்கள். முன்பு தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்தவர்களும், கல்வியாலும் வயதாலும் முதிர்ந்தவர்களுமே அதற்கு ஏற்றவர் என்கிறது சாசனம். தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் அதன் பெற்றோர் என்று கொண்டு, இரண்டிலிருந்தும் மரபுரிமம் பெற்றது சம்வத்சர வாரியம் என்று வகுப்புகளை அடுக்க ஒரு மாணவர் முற்படக்கூடும். அது பிழை. அனுபவம் பெற்றவர்கள் மனிதர்கள், வாரியம் அன்று. அந்த அனுபவம் மனிதன் என்னும் பொருளின் நிலையில் பதிந்திருக்க வேண்டுமே அன்றி வாரியங்களின் வம்சாவளியில் அன்று. இதே போல, சபைக்கு முப்பது குடும்புகள் உண்டு என்பதைக் கண்டு குடும்பைச் சபையின் துணைவகுப்பாக்குவாரும் உளர். குடும்பு சபையின் ஓர் அங்கம், சபையின் ஒரு வகை அன்று.

துணைவகுப்பு எப்போது நியாயம் என்பதற்கு பார்பரா லிஸ்கோவ் 1987-இல் ஓர் அளவுகோல் தந்தார்: பொது வகுப்பின் பொருளை எதிர்பார்க்கும் இடத்தில் துணைவகுப்பின் பொருளை வைத்தால், எதிர்பார்த்த நடத்தை கெடாமல் இருக்க வேண்டும். இதன்படி, எந்தத் தகுதியுடையவரையும் வாரியம் ஏற்கும் என்று பொது வகுப்பில் வாக்களித்துவிட்டு, சம்வத்சர வாரியத்தில் அனுபவம் இல்லாதவரை மறுத்தால், வாக்கு தவறியதாகும். தகுதி எது என்பதை அந்தந்த வாரியமே சொல்லும் என்று பொது வகுப்பிலேயே எழுதிவைத்தால் சிக்கல் தீரும். காமா, ஹெல்ம், ஜான்சன், விலிசிடிஸ் ஆகிய நால்வர் 1994-இல் வெளியிட்ட வடிவமைப்பு நூல், மரபுரிமத்தை விடப் பொருள்களைக் கூட்டிச் சேர்ப்பதையே விரும்புக என்று அறிவுறுத்தியதும் இத்தகைய இடர்ப்பாடுகளைக் கண்டுதான். பாடநூல்கள் மரபுரிமத்துக்குத் தனி இயலும், ஐந்து வகைகளின் படங்களும் ஒதுக்கி, கூட்டிச் சேர்ப்பதைச் சில வரிகளில் முடித்துவிடுவது விகிதம் தவறிய செயல் என்பேன்.

பல்லுருவாக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கணக்குக் காட்டுக என்னும் ஒரே கட்டளைக்கு ஏரி வாரியம் தூர்வாரிய செலவைக் காட்டும், பொன் வாரியம் பொன்னின் கணக்கைக் காட்டும். கட்டளையிட்ட சபை, எதிரில் நிற்பது எந்த வாரியம் என்று வினவிக் கிளைக்குக் கிளை நிபந்தனை எழுத வேண்டியதில்லை. வயிரமேக தடாகம் என்னும் இவ்வூர்ப் பேரேரியைப் பேணப் பொன் வைத்த நிபந்தங்கள் கல்வெட்டுகளில் பதிவாகியிருப்பதால், அக்கணக்கு அற்பமானதாக இருந்திராது.

வகுப்பு இல்லாமலே பொருள்கள் வாழ முடியுமா என்றால், முடியும் என்பதற்கும் சான்றுகள் உண்டு. 1987-இல் டேவிட் உங்காரும் ராண்டல் ஸ்மித்தும் வெளியிட்ட செல்ஃப் மொழியில் வகுப்பே கிடையாது. ஒரு முன்மாதிரிப் பொருளை நகலெடுத்து வேண்டியபடி மாற்றிக்கொள்வதே முறை. 1995-இல் பிரெண்டன் ஐக் செய்த ஜாவாஸ்கிரிப்ட் இம்முறையைத் தழுவியது. 2015-இல் அம்மொழியில் வகுப்பு என்னும் எழுத்துவடிவம் சேர்க்கப்பட்ட போதும் உள்ளே இயங்குவது முன்மாதிரியே. 2009-இல் வெளியான கோ மொழியும், பின்னர் வந்த ரஸ்ட் மொழியும் தரவுக்கட்டமைப்பையும் செயல்களையும் வைத்துக்கொண்டு, வகுப்பு மரபுரிமத்தை வேண்டாம் என்று தள்ளிவிட்டன. இதனால் பொருள்நோக்கு தோற்றுவிட்டது என்று முழங்குவோரும் உளர். அம்மொழிகளை உருவாக்கியவர்கள் தள்ளியது வம்சாவளியை. எல்லையை வகுத்து நிலையைக் காக்கும் கருத்தை அவர்களும் தள்ளவில்லை.

எல்லை வகுப்பதன் பயனை 919, 921 ஆகிய இரண்டு சாசனங்களையும் ஒருங்கே வைத்துப் பார்த்தால் அறியலாம். முதல் சாசனத்தில் வயது 30-க்கு மேல் 60-க்குள். இரண்டே ஆண்டில் வந்த மறு வியவஸ்தையில் 35-க்கு மேல் 70-க்குள். உறவினரை விலக்கும் விதியும் குடவோலை எடுக்கும் முறையும் இரண்டாவதில் மிகவும் விரிந்திருக்கின்றன. முன்னதில் கண்ட ஓட்டைகளை அடைக்க நேர்ந்தமையே காரணம் என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. விதி திருந்தியும் வாரியத்திடம் கேட்கப்படும் கேள்விகள் மாறவில்லை. உழவன் ஏரி வாரியத்திடம் முன்போலவே நீர் கேட்டிருப்பான். மென்பொருளில் வயது வரம்பு ஆக்கியின் உள்ளே ஓரிடத்தில் மட்டும் எழுதப்பட்டிருந்தால் திருத்தமும் ஓரிடத்தில் முடிந்துவிடும். வரம்பைச் சோதிக்கும் வரி நிரலெங்கும் சிதறிக் கிடந்தால், திருத்துபவர் ஒன்றிரண்டை விட்டுவிடுவார், பழைய விதியும் புதிய விதியும் ஒரே ஊரில் ஒருங்கே ஆட்சி செய்யும். பழைய விதியின்படி அமைந்து இன்னும் 360 நாள் நிறையாத வாரியத்தில் 32 வயதினர் ஒருவர் இருந்தால் அவரை என்ன செய்வது என்ற கேள்வி, தரவுத்தளத்தில் ஏற்கெனவே சேமித்துவைத்த பொருள்களோடு புதிய வகுப்பைப் பொருத்த முயலும் பொறியாளர் ஒவ்வொருவரையும் இன்றும் வாட்டுவது.

உத்திரமேரூர்ப் பகுதிப் பள்ளி ஒன்றில் இப்பாடம் நடத்தும் ஆசிரியர், கார் உதாரணத்தை ஒதுக்கிவிட்டு, மாணவர்களைக் கோயில் மண்டபத்துக்கு அழைத்துச்சென்று, வாரியம் என்னும் வகுப்பை எழுதச் சொல்லலாம். பைத்தான் 3, பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே எழுத அனுமதிப்பதால், குடும்பு, ஓலை, வாரியம் ஆகியவற்றை அப்படியே பெயர்களாக வைக்கலாம். ஆக்கியும் உறுப்பினர் பட்டியலும் ஒரு பாடவேளையில் முடிந்துவிடும். சிக்கல் வருவது உறவினர் விதியில்: கணக்குக் காட்டாதவரின் உறவினர் ஆகாது என்பதை எந்த வகுப்பில் எழுதுவது? மனிதன் என்னும் வகுப்பில் எழுதினால், ஒவ்வொரு மனிதனும் தன் மாமனாரின் பழைய வாரியக் கணக்கையெல்லாம் சுமந்து திரிய வேண்டும். வாரியத்தில் எழுதினால், பிறந்துகொண்டிருக்கும் வாரியம் தனக்கு முன் பிறந்த வாரியங்கள் யாவற்றையும் அறிந்திருக்க வேண்டும். தன் உறவினர் யாவர் என்று மனிதனும், தன்னில் கணக்குக் காட்டாதவர் யாவர் என்று அந்தந்த ஆண்டின் வாரியமும் விடை சொல்ல, இரண்டு விடைகளையும் ஒப்பிட்டு ஓலையைக் குடத்தில் இட அனுமதிப்பதைச் சபையிடம் விடுவதே தக்கது என்று நான் நினைக்கிறேன். ஏனெனில் எல்லா ஆண்டு வாரியங்களையும் நினைவில் வைத்திருக்கும் பொருள் அது ஒன்றே. ஓலையைச் சோதிப்பதற்கென்றே தனி வகுப்பு வேண்டும் என்று வாதிடும் மாணவரும் இருப்பார். விதிகள் இன்னும் பெருகுமானால் அவர் சொல்வதே சரியாகிவிடும், 30 குடும்புகள் உள்ள ஊருக்குச் சபையே போதும்.